மருந்தடித்த வீடு

தங்கப்பாண்டியன் தன் வீட்டை வீடு என்று சொல்லமாட்டார், 'பிராப்பர்ட்டி' என்பார். கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பம் ஊரில் உள்ள அந்த மாடி வீட்டை விற்றால்தான், கோயம்புத்தூரில் மகன் பேசி வைத்திருக்கும் அடுக்குமாடி பிளாட் கைக்கு வரும். தை பிறந்தால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று பிளாட்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கார்த்திகை பாதி போய்விட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான், அவர் மனைவி ஹேமாவதி பின்கட்டு வாசல் நிலையில் லேசாகச் சாய்ந்தாள். சாய்ந்த இடம் பொடியாக உதிர்ந்தது. கறையான். வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. உள்ளே மரமே இல்லை. தங்கப்பாண்டியனின் ஆண்டறிக்கை உரைகளைக் கேட்டவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானதுதான்.

அவர் கலங்கவில்லை. பூச்சி ஒழிப்புச் சான்றிதழ் இருந்தால் வீட்டின் மதிப்பு கூடும் என்று யூட்யூபில் கோட் போட்ட ஒருவர் சொல்லியிருந்தார். மதுரையிலிருந்து ஆட்கள் வந்து, தரையில் துளை போட்டு மருந்து இறக்கினார்கள், மூலைமுடுக்கெல்லாம் பீய்ச்சினார்கள். நிலையின் ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்தாயிற்று. சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஹாலில் பிள்ளையார் படத்துக்கு ஒரு சாண் மேலே மாட்டினார்.

பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: "ஏண்ணே, ஒங்க வீட்டுக் கரப்பான் பூராம் எங்க அடுப்படிக்குக் குடிவந்துருச்சு. வாடகைய ஒங்ககிட்ட வாங்கவா, அதுககிட்ட வாங்கவா?"

"பிராப்பர்ட்டி விஷயம்மா இது. ஒனக்குப் புரியாது."

வீட்டைப் பார்க்கப் பேச்சிமுத்துவும் அவர் மனைவி அய்யம்மாளும் வந்தார்கள். பண்ணைப்புரம் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்கள். பேச்சிமுத்து சான்றிதழை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்து, மூக்கை உறிஞ்சினார்.

"என்னண்ணே, இம்புட்டு மருந்து அடிச்சிருக்கீக? வீட்டுக்கு என்ன நோய்?"

"நோயா? இது ப்ரிவென்டிவ் மெஷர், பேச்சிமுத்து. வேல்யூ கூடும்."

"நானும் தோட்டத்துல அடிக்கிறவன்தாண்ணே. ஆனா வீட்டுல திங்குறதுக்குன்னு ஒரு கொடிய மருந்து காட்டாம தனியா விட்டிருக்கேன்."

தங்கப்பாண்டியன், கோட்காரர் சொன்ன மதிப்புக் கணக்கை முதலிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தார்.

அய்யம்மாள் உட்கார்ந்ததிலிருந்து மேற்கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒழுகலைத் தேடுகிறாளோ என்று ஹேமாவதிக்குப் பதைப்பு. "என்ன மதினி பாக்குறீக?"

"பல்லிய. இம்புட்டு நேரமா பேசுறோம், ஒரு சத்தம் இல்லையே. பல்லி சொல்லாம எங்க வீட்டுல ஒரு காரியத்துலயும் எறங்குனதில்ல."

"இது பூச்சியே இல்லாத வீடும்மா!" என்றார் தங்கப்பாண்டியன் பெருமையாக.

"அதான் பாக்குறேன். ஈ இல்ல, எறும்பு இல்ல, பல்லி இல்ல. நீங்க ரெண்டு பேரும் எப்படிண்ணே தப்பிச்சீக?"

வெள்ளிக்கிழமை வந்து இன்னொருக்கா உட்கார்ந்து பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

தங்கப்பாண்டியன் மூடநம்பிக்கையைப் பற்றி மனைவியிடம் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். நாடு ஏன் முன்னேறவில்லை என்கிற இடம் வந்தபோது மகன் போன் செய்து, வீடு என்னாயிற்று என்று கேட்டான். சொற்பொழிவு அத்தோடு நின்றது. செருப்பை மாட்டிக்கொண்டு ஜோதிலட்சுமி வீட்டுக்குப் போனார்.

"ஒரு பல்லி தேவைப்படுது."

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "பெருசா வேணுமா, சிறுசா? நீங்க அனுப்பி வச்சதுல எல்லா அளவும் கெடக்கு."

"சத்தம் போடுறதா குடு."

அவளே விளக்குமாற்றால் தட்டி, ஊறுகாய் பாட்டிலுக்குள் ஒன்றை விழ வைத்தாள். வால் மட்டும் கழன்று தரையில் துள்ளியது. "வால் இங்கன கெடக்கட்டும்ணே, அட்வான்ஸா. ஆமா, அங்கன அது எதைத் திங்கும்?"

நியாயமான கேள்வி. பூச்சியை ஒழிக்கப் பணம் கொடுத்த மனிதர், சாயங்காலமானால் ஜன்னல்களைத் திறந்து, எல்லா விளக்குகளையும் போட்டு, பூச்சிகளை வரவேற்க ஆரம்பித்தார். பல்லி வந்த வேகத்தில் சான்றிதழ்ச் சட்டத்துக்குப் பின்னால் போய்க் குடியேறியது. விளக்கைச் சுற்றிய ஈசலைப் பிடிக்க வெளியே வரும், போகும். வாய் மட்டும் திறக்கவில்லை. தங்கப்பாண்டியன் கீழே நின்று நாக்கைத் தட்டி, 'ச்சு ச்சு' என்று சொல்லிக் காட்டினார். பல்லி அவரை ஆர்வமாகப் பார்த்ததோடு சரி.

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். அய்யம்மாள் மடியில் வெற்றிலை பாக்கும் முன்பணமும் தயாராக இருந்தன. அவள் பார்வை மறுபடி சுவருக்குப் போயிற்று.

"மருந்து எதுக்கு அடிச்சீகன்னு நீங்க இன்னும் சொல்லலையேண்ணே," என்றார் பேச்சிமுத்து.

தங்கப்பாண்டியன் தொண்டையைச் செருமினார். "அதாவது, ஒரு பிராப்பர்ட்டியோட லைஃப்னு ஒண்ணு இருக்கு. வெளிநாட்டுல எல்லாம்..."

காபித் தட்டோடு நின்றிருந்த ஹேமாவதிக்கு, நான்கு நாளாக விளக்கடியில் ஈசல் இறகு கூட்டிக் கூட்டி இடுப்பு விட்டுப் போயிருந்தது. "கறையான்தாண்ணே," என்றாள். "பின்கட்டு நிலைய அரிச்சிருச்சு. இவுக பட்டி வச்சு மூடியிருக்காக. வேற எங்கனயும் ஒரு கொறையும் இல்ல."

தங்கப்பாண்டியனுக்குக் கோயம்புத்தூர் பிளாட் கண்முன்னே மாடி மாடியாகச் சரிந்தது.

அப்போதுதான் சான்றிதழுக்குப் பின்னாலிருந்து, நல்ல கனத்த குரலில், பல்லி சொன்னது.

சொன்ன வார்த்தைக்குப் பல்லி சாட்சி. அய்யம்மாள் தரையில் விரலால் மூன்று தட்டுத் தட்டி, "முருகா," என்றாள். பேச்சிமுத்து நாற்காலிக் கையில் தட்டினார். ஹேமாவதி காபித் தட்டில் தட்டினாள். நாலாவதாக ஒரு சத்தம் கேட்டது. அது தன்னுடைய விரல் என்பது தங்கப்பாண்டியனுக்குத் தட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது.

பேச்சிமுத்து எழுந்து பின்கட்டுக்குப் போய், நிலையைக் குத்திப் பார்த்தார். மற்ற நிலைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "புது நிலைக்கு ஆகுறத வெலயில கழிச்சுக்குவோம்ணே. அம்புட்டுதான். மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு நடை மிச்சம்."

தங்கப்பாண்டியன் சரியென்றார். அந்த வாரத்தில் அவர் பேசிய ஆகச் சிறிய வாக்கியம் அது.

அய்யம்மாள் வெற்றிலை மேல் பணத்தை வைத்து ஹேமாவதியிடம் நீட்டினாள். பிறகு சுவரைக் காட்டி, "அண்ணே, காலி பண்ணும்போது அந்தக் கண்ணாடிச் சட்டத்த மட்டும் கழட்டிராதீக," என்றாள். "அது இருந்தாத்தான் பல்லி இருக்கும்."