நடுக்கதவு

பதினோரு வருடமாகக் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். மணி அடிக்கும் முன்பே வந்து உட்கார்ந்த ஒரே வகுப்பு, கணக்கே வராது என்று எல்லோரும் கைகழுவிய பத்தாம் வகுப்பு 'இ' பிரிவுதான். காரணம் என் மேல் உள்ள பாசமில்லை, வகுப்பு மூலையில் இருந்த இரும்பு அலமாரி.

அதில் மேல், நடு, கீழ் என்று மூன்று கதவுகள். டிவி போட்டிகளில் வருகிற மாதிரி, எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது ஒன்றில் மட்டும் பரிசை வைப்பேன். பரிசு, என் கையெழுத்துப் போட்ட 'இன்று வீட்டுப்பாடம் கிடையாது' சீட்டு. ஒருவர் ஒரு கதவைச் சொல்ல வேண்டும். மற்ற இரண்டில் காலியான ஒன்றை நான் திறந்து காட்டிவிட்டு, "மாத்திக்கிறியா?" என்று கேட்பேன். மாற்றினால் மூன்றில் இரண்டு தடவை ஜெயிக்கலாம். அந்த நிகழ்தகவைத்தான் நான் கற்றுத்தர வந்தேன்.

ஆனால் ஒருத்தராவது மாற்ற வேண்டுமே! பலகையில் கிளைப்படம் போட்டுத் தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்கினேன். தலையை ஆட்டுவார்கள், சொன்ன கதவிலேயே நிற்பார்கள். அதிலும் கடைசி பெஞ்சில் இருந்த கொட்டாவி சரியான கல்லுளிமங்கி. வாயைத் திறந்தால் கொட்டாவிதான் வரும், அதனால்தான் அந்தப் பெயர். ஆனாலும் பெரும்பாலும் ஜெயித்தார்கள். சீட்டில் கையெழுத்துப் போட்டே எனக்கு விரல் வலித்தது. குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் தலைமை ஆசிரியை காதுக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகவும், விளையாட்டில் கணக்கு இல்லையென்றால் வகுப்பை உதவித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். உதவித் தலைமை ஆசிரியர் வாய்ப்பாட்டை நூறு தடவை எழுத வைப்பவர். எனக்கு அந்தப் பிள்ளைகளை விட மனசில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து ஆட்டம் நடந்தது. ஐந்து பேரும் நடுக்கதவு என்றார்கள், மாற்ற மாட்டேன் என்றார்கள், ஜெயித்தார்கள்.

"மாத்தினாத்தான் லாபம்னு பலகையில எழுதியிருக்கீங்க, சார்" என்றார் தலைமை ஆசிரியை, பேனாவைத் திறந்தபடி.

நான் அசடு வழிந்தேன். பின்னாலிருந்து கொட்டாவி எழுந்து, நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். மூன்று வாரக் கணக்கு கட்டம் போட்டு இருந்தது. இருபத்திரண்டு ஆட்டம். மேல் நான்கு, நடு பதினேழு, கீழ் ஒன்று.

"சாருக்கு மேல சரியா எட்டாது. முட்டி வலி, கீழ குனிய மாட்டார். குனிஞ்ச அன்னிக்கு மாத்திரை போட்டிருந்தார்" என்றாள்.

சந்தேகம் வரக்கூடாது என்று வாரத்துக்கு இரண்டு முறை வேண்டுமென்றே தோற்றார்களாம். இன்று மேடம் வந்திருப்பதால், சாருக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஜெயித்துக் கொடுத்தார்களாம். வெட்கத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தக் கட்டத்தைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது.

தலைமை ஆசிரியை சீட்டை வாங்கிக்கொண்டு, எங்கள் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். கதவுகள் திறந்து மூடின. கொட்டாவி நடு என்றாள். அவர் மேல்கதவைத் திறந்தார். காலி. மாற்றுகிறாயா என்று கேட்டார்.

"மாத்திக்கிறேன், மேடம். சார் எங்க வைப்பார்னு தெரியும். நீங்க எங்க வைப்பீங்கன்னு தெரியாது. அப்போ சார் சொன்ன கணக்குதான்."

கீழ்க்கதவு திறந்தது. அதுவும் காலி. வகுப்பே உச்சுக் கொட்டியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"தோத்துட்டியேம்மா. இப்ப என்ன சொல்ற?"

"மூணு தடவைல ஒரு தடவை இப்படி ஆகும், மேடம். இன்னொரு தடவை வைங்க." அவள் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, மேலே 'மேடம்' என்று எழுதி, நடு என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுக் கொட்டாவி விட்டாள்.

தலைமை ஆசிரியை அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார். மணி அடித்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

"எல்லாரும் கண்ணை மூடுங்க" என்றார். "சார், நீங்களும்தான்."