முழங்கால் கட்சி

ஜெபிக்கும்போது எழுந்து நிற்பதா, முழங்கால்படியிடுவதா என்று எங்கள் சபை இரண்டாக உடைந்தது. அக்கா முழங்கால் கட்சி. நான் நிற்கிற கட்சி. கர்த்தருடைய காரியத்தில் அக்காவாவது தங்கையாவது என்று இருவரும் பேச்சை நிறுத்தி ஒரு வருஷம் ஆயிற்று.

இதில் கஷ்டம், நாங்கள் சேர்ந்து தையற்கடை வைத்திருக்கிறோம். மிஷின் இரண்டு, கத்தரிக்கோல் ஒன்று. அளவு கொடுக்க வருகிறவர்கள்தான் எங்களுக்குத் தூது.

"அவங்ககிட்ட இருக்கிற கத்தரிக்கோலைக் கொஞ்சம் வாங்கிக் குடுங்க" என்பேன்.

"வேலை முடியட்டும்னு சொல்லுங்க" என்பாள் அக்கா, சுவரைப் பார்த்து.

அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசாததுதான் எனக்குத் தாங்கவில்லை. வெளியே சொல்வேனா? வீம்பில் நான் அவளுக்குச் சளைத்தவளா என்ன?

போதகர் நல்ல மனுஷர். அவரவர் அவரவருக்குப் பிடித்தபடி ஜெபிக்கட்டும், சபை ஒன்றாக இருக்கட்டும் என்று சமாதானம் செய்து வைத்தார். இரு கட்சியும் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டன: ஆமென் வரும்வரை யாரும் நிலை மாறக் கூடாது. மாறினால் கட்சி மாறிவிட்டதாக அர்த்தம்.

அந்த ஞாயிறு, ஜெபத்தின் நடுவில் அக்கா அலறினாள். "ஐயோ, முட்டி பிடிச்சுக்கிச்சு! யாராவது தூக்குங்களேன்!"

ஒருவரும் அசையவில்லை. முழங்கால்காரர்கள் தூக்க வேண்டுமென்றால் எழ வேண்டும். நிற்கிறவர்கள் குனிய வேண்டும்.

"குனியலாமா?" என்று கண்ணை மூடியபடியே கேட்டார் பாடகர் குழுத் தலைவர்.

"குனிஞ்சா முழங்காலுக்குப் பாதி வழி போயாச்சுன்னு அர்த்தம்" என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

போதகர் ஒரு ஆமென் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். பாவம், பதற்றத்தில் அவர் அக்காவின் முட்டிக்காகவே புதிதாக ஒரு ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். அதுவும் ஆதாமிலிருந்து.

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. போய் அவள் பக்கத்தில் தரையில் தொப்பென்று உட்கார்ந்தேன். அவளையும் இழுத்து உட்கார வைத்து, மடங்கிய காலை மெல்ல நீட்டி என் மடியில் போட்டுக்கொண்டேன்.

சபை மொத்தமும் கண்ணைத் திறந்துவிட்டது.

"இது என்ன கட்சி?" என்றார் பாடகர் குழுத் தலைவர்.

பின்வரிசையில் நின்றிருந்த ரிட்டயர்டு வாத்தியார் "அப்பாடா" என்று உட்கார்ந்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் உட்கார்ந்தார்கள், இரண்டு பக்கத்திலும்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நேராக என் முகத்தைப் பார்த்துச் சீறினாள்.

"ஜெபத்துல சம்மணம் போட்டா உட்காருவாங்க? காலை மடிச்சு ஒரு பக்கமா வைடி!"

"சம்மணம்தான்க்கா முறை."

"உனக்கு என்னடி தெரியும் முறை?"

ஆமென் வரும்வரை கிசுகிசுவென்று சண்டை போட்டோம். அவள் என்னை 'டி' போட்டுத் திட்டி ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் அழுதுகொண்டே அவள் முட்டியை நீவிவிட்டேன். அவள் விடாமல் திட்டிக்கொண்டே இருந்தாள்.