எலி போட்ட தையல்

அந்த உணவகம் ‘பசுமைக் கட்டடம்’; ஏ.சி. கிடையாது. பின்சுவரின் திறப்பு வழியே வெளிக்காற்று நுழைந்து, சமையலறையைக் கடந்து, பாத்திரம் கழுவும் அறைக்குப் போகும்படி கட்டியிருந்தார்கள். பாத்திரம் கழுவுபவளுக்கு அதில் அவ்வளவு பெருமை. அடுப்பில் நின்ற அவள் புருஷனுக்கோ எரிச்சல்.

“பச்சைக் கட்டடமாம், பச்சைப் பொய்! காத்து வந்து என் அடுப்பைத்தான் அணைக்குது” என்பான்.

“பழைய ஓட்டல்ல வெந்து நொந்துதானே வீட்டுக்கு வருவேன்? இங்க வந்தப்புறம்தாங்க மனுஷியா இருக்கேன்.”

கோடை தொடங்கியதும் கழுவும் அறை கொதித்தது. அவளுக்குத் தலை சுற்றியது. “எங்கடி போச்சு உன் காத்து?” என்று அவன் கேலி செய்தபோதெல்லாம் சிரித்து வைத்தாள். இன்று சிரிக்கவில்லை.

“கட்டடத்தைச் சொல்லாதீங்க. எனக்குத்தான் உடம்புல தெம்பு இல்ல. வேலையை விட்டு நின்னுக்கறேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்.”

அவளை அனுப்ப மேனேஜருக்கு மனமில்லை. “இருங்கம்மா, காத்து ஏன் வரலைன்னு பாத்துடுவோம்” என்று அவரே ஏணி போட்டு ஏறினார். திறப்பிலிருந்து அவர் உருவியது, மடித்துத் திணித்த ஒரு பழைய ஏப்ரன். அதன் பையில் பச்சை நூல் தையல். அவள் போட்ட தையல்.

அடுப்பு அணையாமல் இருக்க அவன்தான் அதை அடைத்திருந்தான். காற்று அதற்கப்பால் யாரிடம் போகிறது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

அவள் தையலைப் பார்த்தாள். அவனைப் பார்க்கவில்லை.

“எலி இழுத்துட்டுப் போயிருக்கும் சார்.”

எல்லோரும் ‘கத்தரி’ என்று கூப்பிடும் காய் நறுக்குபவர் விடவில்லை. “கெட்டிக்கார எலிம்மா! நாலா மடிச்சு வச்சிருக்கு பாருங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அவன் முகம் அடுப்பைவிடச் சூடாகியது. அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

“எலி இல்ல சார். நான்தான்” என்றான். “அவளை அனுப்பிடாதீங்க. அவ உடம்புக்கு ஒண்ணும் இல்ல.”

சிரிப்பு நின்றது. மேனேஜர் ஏப்ரனை அவன் கையில் கொடுத்துவிட்டு ஏணியை மடக்கினார்.

கழுவும் அறைக்குள் காற்று வந்தது. அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் வாசலிலேயே நின்றான்.

“நான்தான் சமாளிச்சேனே, ஏங்க வாயைத் திறந்தீங்க?”

“உள்ள ரொம்பப் புழுங்குச்சும்மா.”

அவள் தட்டுகளை அடுக்கினாள். “அடுப்பு அணைஞ்சிருக்கும், போய்ப் பாருங்க.”