அண்ணி குடித்த வில்லோ கஷாயம்

வில்லோ மரப்பட்டையில் வலிக்கு மருந்து தேடும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்ததால், வீட்டில் அவளுக்குப் ‘பட்டை’ என்றே பெயர் விழுந்துவிட்டது. வைத்தது அண்ணன். அண்ணியும் “பட்டை, சாப்பிட வா” என்றுதான் கூப்பிடுவாள். ஆய்வுக்குப் போக மிஞ்சிய காய்ந்த பட்டையை அவள் பையில் கொண்டுவந்து பால்கனியில் வைப்பாள். பூந்தொட்டிகளில் பரப்பினால் மண் சீக்கிரம் காயாது.

ஒரு நாள் காலை, பாத்திரம் கழுவிய அண்ணியின் கை கருநீலமாகக் கன்றியிருந்ததைப் பட்டை பார்த்தாள்.

“எங்க இடிச்சுக்கிட்டீங்க அண்ணி?”

“எங்கயும் இடிக்கல. பல்லு விளக்கினாலும் ரத்தம் வருது.”

இதய வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்க அண்ணி மாத்திரை சாப்பிடுகிறாள். அண்ணனையும் எழுப்பிக்கொண்டு மூவரும் மருத்துவமனைக்கு ஓடினார்கள்.

“ரத்தம் உறைய ரொம்ப நேரமாகுது. வேற ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா?” என்று மருத்துவர் கேட்டார்.

“இல்லையே.”

பொய் சொல்லும் முகமாகத் தெரியவில்லை. ஆனால், தொட்டிகளில் பரப்பாமலேயே பை பாதி காலியாகிக் கிடந்தது பட்டைக்குச் சட்டென்று உறைத்தது.

“அண்ணி, அந்தப் பட்டையை என்ன பண்ணீங்க?”

“கொதிக்க வெச்சு தினம் ஒரு டம்ளர் குடிக்கிறேன். முட்டி வலிக்கு அவ்வளவு இதமா இருக்கு. அது மரம்தானே, மருந்தா என்ன?”

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அதுல சாலிசின்னு ஒண்ணு இருக்கு அண்ணி. ஆஸ்பிரினுக்குப் பங்காளி. உங்க மாத்திரையோட சேர்ந்தா ரத்தத்தை நிக்க விடாது.”

கஷாயம் நின்றது. மருத்துவமனையில் தங்கவைத்து மாத்திரையின் அளவைச் சரிசெய்தார்கள். கன்றல் மஞ்சளாகி மறையத் தொடங்கியது.

“முட்டி வலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா உங்கண்ணன் இஸ்திரிக் கடையை மூடச் சொல்லுவார். அது என் கடை.”

அறை வாசலில் நின்ற அண்ணன் காதில் அது விழுந்தது. அண்ணி கடைக்குத் திரும்பிய அன்று மேசைக்குப் பின்னால் உயரமான ஸ்டூல் ஒன்று கிடந்தது. “உட்கார்ந்து தேய்ச்சா மடிப்பு நிக்குமா?” என்று முனகிக்கொண்டே அதில் ஏறி உட்கார்ந்தாள்.

பட்டைக்கு மனசு ஆறவில்லை. சாலிசினைப் பிரித்த பிறகு மிச்சமிருக்கும் சாற்றிலும் வீக்கத்தைத் தணிக்கும் பொருட்கள் இருக்கலாம். அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று ஆய்வுக்கூடத் தலைவரிடம் கேட்டு, சம்மதமும் வாங்கிவிட்டாள். சாயங்காலம் நேரே கடைக்கு வந்து அண்ணியிடம் சொன்னாள்.

“எப்ப கைக்கு வரும்?”

“வருஷக்கணக்குல ஆகும் அண்ணி. அதுலயும் ரத்தத்தை இளக்குற ஏதாவது இருந்தா வராமலே போகலாம்.”

அண்ணி சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு நிதானமாகத் தேய்த்தாள்.

“வரலைன்னா போகுது. நீ தேடு.”