ஏரிக்கரைச் சாம்பாருக்கு விழுந்த குறி

காணும் பொங்கலன்று காலையில் லோகநாயகி புளியை ஊறப்போட்டுக்கொண்டிருந்தபோது, சண்முகசுந்தரம் அடுக்களைக்குள் வந்து கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கி மேடைமேல் வைத்தார்.

"ஏளா, ஆலைக்கு லீவு விட்டா உனக்கும் லீவுதான். கட்டுச்சோறு ஒண்ணும் வேண்டாம். பருத்திப்பட்டு ஏரிக்கரையில இந்த வருசம் சாப்பாட்டுச் சந்தையே போட்டிருக்காங்களாம். அங்க உக்காந்து அம்சமாச் சாப்பிடுவோம்."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. நெல்லையப்பருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, லோகநாயகி புது நைலக்ஸ் புடவையைக் கட்டிக்கொண்டாள். பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்து வீட்டாரோடு முன்னாலேயே ராட்டினம் சுற்றப் போய்விட்டார்கள்.

ஆவடி தொழிற்சாலையில் சண்முகசுந்தரம் இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்லை, சாமான்களைப் பரிசோதிக்கிற இன்ஸ்பெக்டர். உதிரி பாகம் எதுவானாலும் அவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். அளவில் ஒரு மயிரிழை பிசகியிருந்தால் போதும், சட்டைப் பையிலிருந்து சிவப்புச் சாக்கட்டி வெளியே வரும். ஒரு வட்டம், அதற்குள் ஒரு பெருக்கல் குறி. அது விழுந்த சாமானை யாரும் தொடமாட்டார்கள். பழுது பார்த்துக் கொண்டுவந்தபின், குறி போட்டவரே மறுபடி பரிசோதித்துப் பக்கத்தில் ஒரு 'சரி' போட்டால்தான் அதற்கு விமோசனம். ஆலைக் குடியிருப்பில் நண்டு சிண்டுக்கெல்லாம் அந்தக் குறி தெரியும். ஒருமுறை லோகநாயகியின் இட்லிக் கொப்பரை மூடியிலேயே அதைப் போட்டார் மனிதர். மூன்று நாள் தொடர்ந்து உப்புமா சாப்பிட்ட பிறகு தாமாகவே வந்து 'சரி' போட்டார்.

ஏரிக்கரையில் மூங்கில் வளைவு கட்டி, 'உல்லாசப் பயணிகள் உணவுச் சந்தை' என்று துணியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே கீற்றுக்கொட்டகைகள் எட்டு. நிழலும் காற்றும் நன்றாக இருந்ததால் கடைசிக் கொட்டகையில் போய் உட்கார்ந்தார்கள். இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு ஓர் அம்மாள் ஓடிவந்து இலை போட்டாள். நாற்பது வயது இருக்கும். வேம்புலியம்மாள் என்று பெயர் சொன்னாள். பரிமாறும்போது கரண்டி தடுமாறி இலைக்கு வெளியேயும் சிந்தியது.

சாம்பாரில் பருப்பு இருந்ததற்கு அடையாளம் மஞ்சள் நிறம் ஒன்றுதான். வாயில் வைத்தால் தித்தித்தது. ரசத்தில் புகை வாசனையைத் தவிர வேறு வாசனை இல்லை. அப்பளம் வளைத்தால் வளைந்தது, உடையவில்லை. கேசரியைக் கரண்டியிலிருந்து இலையில் இறக்க வேம்புலியம்மாள் இரண்டு தட்டுத் தட்ட வேண்டியிருந்தது. இலையிலிருந்து அதைப் பெயர்க்கச் சண்முகசுந்தரத்தால் முடியவில்லை.

"இன்னா சார், ஓட்டல் சாப்பாடு கணக்கா கீதா?" என்று அவள் ஆவலோடு கேட்டாள்.

சண்முகசுந்தரம் "ம்" என்றார். அந்த 'ம்' எந்த ஜாதி 'ம்' என்று லோகநாயகிக்குத் தெரியும். சண்டை வேண்டாமே என்று அவள் கை கழுவ எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போனாள். திரும்பி வரும்போது அவர் சட்டைப் பையைத் தட்டிவிட்டுக்கொண்டு, காரியம் முடித்த முகத்தோடு வெளியே நின்றார்.

கொஞ்ச தூரத்தில் புளியமரத்தடியில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். மணி ஒன்றாகியிருக்கும். அவருடைய பிரிவில் வேலை பார்க்கும் மனோகரன் வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே வந்தான்.

"சார், தெய்வம் சார் நீங்க! நம்ம குறியைக் கடைசிக் கொட்டகைக் கம்பத்துல பார்த்தேன். காலனி ஜனம் மொத்தமும் பிழைச்சுது."

லோகநாயகி நிமிர்ந்து பார்த்தாள். குடியிருப்பு ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்துகொண்டிருந்தார்கள். கடைசிக் கொட்டகை வாசலுக்கு வருவார்கள், கம்பத்தைப் பார்ப்பார்கள், ஒருத்தரை ஒருத்தர் இடித்துச் சிரித்துக்கொண்டு பக்கத்துக் கொட்டகைக்குப் போய்விடுவார்கள். வெளியூர்க்காரர்களும் கூட்டம் போகிற பக்கமே போனார்கள். மற்ற ஏழு கொட்டகையிலும் இலைக்குச் சண்டை. கடைசிக் கொட்டகையில் ஈ விரட்டிக்கொண்டு வேம்புலியம்மாள் ஒருத்தி மட்டும்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீக?"

"சும்மா வெளையாட்டுக்குளா. பழக்க தோசம்" என்றார் சண்முகசுந்தரம். அவர் மீசைக்கு அடியில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது.

லோகநாயகி கூஜாத் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். யாருக்கும் தெரியாமல் அழித்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் குறிக்குமேல் ஒரு சாமந்திச் சரம் தொங்கியது. வட்டத்தைச் சுற்றி மஞ்சள்கூடத் தடவியிருந்தது. தூர இருந்து வருகிறவர்களுக்கும் பளிச்சென்று தெரிந்தது.

கைக்குட்டையைத் தூக்கினாளோ இல்லையோ, வேம்புலியம்மாள் பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள்.

"அத்தத் தொடாதம்மா! உன் ஊட்டுக்காரரு கையால போட்டது அது. நல்லா கீதுன்னு வாயால சொன்னா கண்ணு பட்டுடும்னு, ஒண்ணும் பேசாம வட்டம் போட்டுட்டுப் போனாரு பாரு, அவரு பெரிய மனுசன். எங்க பொன்னியம்மா கோயில் வாசல்ல செவப்புல இப்டித்தான் போடுவாங்க. எந்தக் கண்ணும் அண்டாது."

லோகநாயகி ஈரக் கைக்குட்டையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை, பொய் சொல்லவும் வரவில்லை.

"ஆனா பாரும்மா, காலைலேர்ந்து நாலு இலகூட உழல" என்று வேம்புலியம்மாள் அண்டாவைத் திறந்து காட்டினாள். சோறு மல்லிகைப் பூவாக, தொடாமல் இருந்தது. "சந்தை போட்ட மன்றத்துத் தலைவரு சம்பத்து நாலு மணிக்கு வந்து அண்டாவப் பாப்பாரு. எந்த அண்டா காலியோ அவுங்களுக்குத்தான் பஸ் ஸ்டாப்பாண்ட நெரந்தரமா கடை. இல்லாங்காட்டி எனுக்கு மறுபடி செங்கல் சூளதான். கல்லு சொமந்து சொமந்து உச்சி மயிரே போச்சு, பாரேன்." குனிந்து காட்டினாள். நடு உச்சியில் ஒரு கொட்டாங்கச்சி அளவுக்கு வழுக்கை.

லோகநாயகி மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, நீங்க சாப்பிட்டீகளா?"

"அதெல்லாம் அப்பவே ஆச்சு."

"இந்தச் சாம்பாரா?"

வேம்புலியம்மாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உன்கிட்ட சொல்றதுக்கு இன்னா? இது எனுக்கே எறங்கலம்மா. வெளியூரு ஜனம் வருது, சக்கர போட்டு ஓட்டல் சாம்பாரு வையின்னு சம்பத்துதான் சொன்னாரு. ஓட்டலுக்குள்ள நான் எங்க போனேன், ருசி தெரிய? எனுக்கு அந்தாண்ட சட்டில கொழம்பு கீது."

பின்புறம் மூன்று கல்லின்மேல் ஒரு மண்சட்டி. பச்சை மொச்சையும் கத்திரிக்காயும் போட்ட புளிக்குழம்பு. விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்த லோகநாயகி கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். சந்தேகம் தீர மூன்றாவதும் வைத்துப் பார்த்தாள்.

"இதை ஏன் அக்கா ஒளிச்சு வச்சிருக்கீக?"

"ஐய, இத்தப் போயி டூரிஸ்டுங்களுக்கு ஊத்துறதா? சூளைல வேல செய்றவங்க துன்ற கொழம்பும்மா இது!"

"மொச்சை இன்னும் இருக்கா?"

உரித்த மொச்சை முறம் நிறைய இருந்தது. பொங்கலுக்கு யாரோ கொடுத்த கத்திரிக்காய் ஒரு கூடை இருந்தது. புளி இருந்தது. லோகநாயகி புதுப் புடவையை முழங்காலுக்குமேல் சுருட்டிக்கொண்டு அரிவாள்மணையில் உட்கார்ந்துவிட்டாள். பெரிய வேலையெல்லாம் நெல்லையப்பரே பார்த்துக்கொள்வார். இன்றைக்கு இந்தக் கத்திரிக்காய்க்கு மட்டும் தன் கையைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

"இந்த சாம்பார இன்னாம்மா செய்றது? தவலை நெறைய கீதே!"

"இதிலேயே கவுத்திருங்க. புளிக்கொழம்புக்கு வெல்லம் போட்ட மாதிரி ஆச்சு."

இரண்டு பேருமாக அடுப்பை மூட்டினார்கள். காரம் போட்டதும் உப்பு பார்த்ததும் வேம்புலியம்மாள்தான். கரண்டி இப்போது தடுமாறவே இல்லை. லோகநாயகி நறுக்கினாள், விறகு தள்ளினாள், தும்மினாள். முக்கால் மணியில் குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்து மேலே வந்தது. அந்த வாசனைக்குப் பக்கத்துக் கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேர் கழுத்தைத் திருப்பினார்கள். ஆனால் கம்பத்தைப் பார்த்ததும் திரும்பின கழுத்து பழைய இடத்துக்கே போய்விட்டது.

லோகநாயகி முகத்தில் கரியோடு புளியமரத்தடிக்கு வந்தாள்.

"எழுந்திரிங்க. பழுது பார்த்த சாமான் மறுபரிசோதனைக்கு வந்திருக்கு."

"விளையாடாதளா. ஒரு தடவை பட்டது போதும்."

"மனோகரன் தம்பி, நீங்க சொல்லுங்க. மறுபரிசோதனைக்கு வந்த சாமானை இன்ஸ்பெக்டரு மாட்டேன்னு தள்ள ரூல் இருக்கா?"

மனோகரன் கையைக் கட்டிக்கொண்டு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டான். "கிடையாது அண்ணி. தள்ளினா மெமோதான்."

சண்முகசுந்தரம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு அதில் மருந்துக்கும் இல்லை. வேட்டியைத் தட்டிவிட்டு எழுந்தார். அவர் கடைசிக் கொட்டகையை நோக்கி நடப்பதைப் பார்த்ததும் குடியிருப்பு ஜனம் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. ராட்டினம்கூட அந்த நேரத்தில் காலியாகச் சுற்றியது.

இலை விழுந்தது. சோறு விழுந்தது. வேம்புலியம்மாள் நடுவில் குழி பறித்துக் குழம்பை ஊற்றினாள். அவர் ஒரு கவளம் வாயில் வைத்தார். குறை எதுவானாலும் உரக்கச் சொல்வது அவர் வழக்கம். கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

"உப்பு..." என்று ஆரம்பித்தார். மேலே ஒன்றும் வரவில்லை. இரண்டாவது கவளம் போயிற்று. மூன்றாவதும் போயிற்று.

"சார், ரிசல்ட்?" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.

"சாப்பிடும்போது ஏன்யா கத்துதிய?" என்றவர், இலையைப் பார்த்தபடியே, "அம்மா, இன்னும் கொஞ்சம் சோறு" என்றார்.

"ரெண்டாவது சாம்பிளா சார்?" என்றான் மனோகரன்.

"மூணு சாம்பிள் பாக்காம நான் முடிவு சொல்லுததில்ல" என்று சண்முகசுந்தரம் இலையை வழித்துக்கொண்டே சொன்னார்.

மூன்றும் பார்த்து முடித்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, சாமந்திச் சரத்தை விலக்கிக் குறிக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு 'சரி' போட்டார். கை எடுப்பதற்குள் கூட்டம் உள்ளே புகுந்துவிட்டது. பந்தியில் இடம் பிடிக்க மனோகரன் தன் துண்டை வீசி எறிந்தான். அதன்மேலேயே வேறு ஒருவர் உட்கார்ந்துவிட்டார். லோகநாயகி பரிமாற, வேம்புலியம்மாள் ஊற்ற, பந்திக்குமேல் பந்தி நடந்தது. கேசரியை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

நாலு மணிக்குச் சம்பத்து வெள்ளைச் சட்டையும் நோட்டுமாக வந்தார். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் அவர் முகம் தெரிந்தது.

"பரவால்லியே! சாம்பாரு எப்டிப் போச்சு?"

"ஒரு சொட்டு இல்லாம போயிடுச்சு நைனா" என்றாள் வேம்புலியம்மாள். லோகநாயகி குனிந்து கரண்டியைத் தேய்த்தாள்.

சம்பத்து பஸ் ஸ்டாப் கடைக்கு அவள் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

மாலை போட்ட குறியின் கதையை லோகநாயகி சொல்லக் கேட்டதும், ஜமக்காளத்தை மடித்துக்கொண்டிருந்த சண்முகசுந்தரம் பாதியில் நிறுத்தினார். "லோகு, அந்தம்மா அதைச் சாமி குறின்னுல்லா நெனைச்சுக்கிட்டிருக்கா. என்னால தாங்க முடியல. சொல்லிட்டு வந்திருதேன்."

அவர் கொட்டகைக்கு வந்தபோது வேம்புலியம்மாள் கம்பத்துக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தாள். குடியிருப்பு ஜனம் பாதிக்குமேல் அங்கேதான் நின்றது. மனோகரன் சிரிப்பை அடக்கத் துண்டின் நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றார் சண்முகசுந்தரம். குரல் இறங்கியிருந்தது. "அது கண்ணுபடாம இருக்கப் போட்ட குறி இல்ல. எங்க ஆலையில, சாமான் சரியில்லைன்னா போடுவோம். காலையில உங்க சாப்பாட்டைக் கேலி பண்ணித்தான் போட்டேன். அதனாலதான் உங்களுக்கு வியாபாரம் ஆகல."

கூட்டத்தில் சிரிப்பு நின்றது. வேம்புலியம்மாள் தட்டை ஏந்தியபடி கம்பத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்தச் சாம்பாருக்கா போட்ட?"

"ஆமா."

"அப்போ சரியாத்தான் போட்டுக்கிற சார். அத்த நான்கூட முழுங்கலியே!" என்றாள் அவள். தட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இன்னா பாத்துகினு நிக்கிற? கற்பூரம் அணையப் போவுது. எடுத்துக்கோ."

சண்முகசுந்தரம் இரண்டு கையாலும் தொட்டு ஒற்றிக்கொண்டார். அவள் விட்டுவிடவில்லை. "குனி" என்று அதட்டி, ஒரு பிடி திருநீற்றை அள்ளி இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும் இழுத்துப் பூசிவிட்டாள். அது மூக்கில் ஏறி அவர் அடுக்கடுக்காகத் தும்மிக்கொண்டிருக்கும்போதே தட்டு மனோகரனிடம் போய்விட்டது.