புகை எழாத மூன்று நாட்கள்

ஹெல்லெவி விறகுக் கொட்டகை வாசலில் வழுக்கி விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. எலும்பு ஒன்றும் ஒடியவில்லை. ஆனால் இடுப்பு பிடித்துக்கொண்டதால் கால் மணி நேரம் எழுந்திருக்க முடியாமல் பனியில் மல்லாந்து கிடந்தாள். சுற்றிலும் பிர்ச் மரத்து விறகு சிதறிக் கிடந்தது. கண்ணுக்கு நேராகத் தெரிந்தது அவள் வீட்டுப் புகைபோக்கி. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து நாலு டிகிரி. காற்று துளிகூட இல்லை. புகை கோடு கிழித்தது மாதிரி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. யார் பார்த்தாலும் ஹெல்லெவி வீட்டில் எல்லாம் சௌக்கியம் என்றுதான் நினைப்பார்கள்.

எப்படியோ புரண்டு, கொட்டகைக் கதவைப் பிடித்து எழுந்தாள். விறகைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். உள்ளே வந்து அடுப்பின்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

அந்த வீட்டில் சாய்ந்துகொள்ள இருந்தது அந்த அடுப்பு ஒன்றுதான். வீட்டுக்கு நடுவில், தரையிலிருந்து கூரைக்கு ஒரு முழம் குறைவாக, ஒரு யானைக்குட்டி மாதிரி நின்றது. நம் ஊரில் கல்சட்டி கடைவார்களே, அதே மாக்கல். அவள் கணவன் வொய்த்தோ வேலை பார்த்த யூகா குவாரியில் வெட்டிய கல். இரண்டு டன்னுக்கு மேல் எடை. காலையில் இரண்டு கூடை விறகு எரித்து, தணல் அடங்கியதும் புகைவழியை மூடிவிட்டால் கல் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். வொய்த்தோ போய் மூன்று வருஷம். மகன் தூரத்தில், தாம்பெரே நகரத்தில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தி அனுப்புவான். ஹெல்லெவிக்கு வயது அறுபத்தாறு. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் முப்பது வருஷம் இருநூறு பேருக்குக் கரண்டி பிடித்தவள், இப்போது ஒரே ஒரு உருளைக்கிழங்கை வேகவைக்க அளவான பாத்திரம் தேடிக்கொண்டிருந்தாள்.

ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் என்சியோவின் வீடு. அந்தக் கரையிலும் இந்தக் கரையிலுமாகக் குளிர்காலத்தில் ஆள் இருந்த வீடுகள் இந்த இரண்டுதான். மற்றதெல்லாம் கோடைக்கு மட்டும் திறக்கிற வீடுகள். வொய்த்தோ இருந்தவரை தினமும் ஜன்னலில் நின்று அக்கரையைப் பார்த்து, "என்சியோ எந்திரிச்சுட்டான்" என்று சொல்லிவிட்டுத்தான் காபி குடிப்பான். எழுபது வயதுத் தனிக்கட்டையான என்சியோவும் அங்கிருந்து பார்ப்பான் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

போன இலையுதிர்காலத்தில் அவனோடு ஒரு சண்டை. கடையில், நாலு பேர் முன்னால், "உன் விறகு ஈரம், ஹெல்லெவி. புகை கறுப்பா வருது. வொய்த்தோ இருந்தா அதைத் தொட்டிருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டான். அவளுக்குச் சுருக்கென்றது. "நீ உன் வீட்டுப் புகைபோக்கிய மட்டும் பாரு" என்று சொல்லி வந்தவள்தான். பிறகு பேச்சு இல்லை.

குளிர் கடுமையாக இருந்தால் சாயங்காலமும் ஒரு தடவை மூட்டுவது வழக்கம். செவ்வாய் மாலையும் அப்படி மூட்டினாள். புதன் காலை ஏழு மணிக்கு எழுந்து, கூடையை எடுத்து, தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். உரசவில்லை. குச்சியைத் திரும்பப் பெட்டியில் போட்டாள். புகை வராவிட்டால் எத்தனை நேரத்தில் யார் வருகிறார்கள், பார்ப்போம்.

அன்றைக்குக் குளிர் உறைக்கவே இல்லை. கல் இன்னும் கைக்குச் சூடாக இருந்தது. வெளிச்சம் வந்த பிறகு அக்கரையில் என்சியோவின் புகை தெரிந்தது. அவன் முற்றத்தில் பனி தள்ளுவது சின்னப் புள்ளியாகத் தெரிந்தது. புள்ளி ஒரு தடவை நின்றது. இந்தப் பக்கம் பார்க்கிறானா, மூக்கைச் சிந்துகிறானா, அவ்வளவு தூரத்தில் எப்படித் தெரியும்? அவள் காபி போட்டாள். இரண்டு கோப்பை எடுத்து வைத்தாள். சாயங்காலம் ஒன்றைக் கழுவாமலே அலமாரியில் வைத்தாள்.

வியாழக்கிழமை வீடு பதினாறு டிகிரிக்கு இறங்கியிருந்தது. குளியலறையில் குழாய் உறையாமலிருக்க இருந்த சின்ன மின்சார ஹீட்டர் ஒன்றுதான் ஓடியது. இரண்டு கம்பளிச் சட்டை, வொய்த்தோவின் காலுறை. அடுப்பின் நடுக்கல்லில் ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் வெதுவெதுப்பு மிச்சமிருந்தது. அங்கே கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். மத்தியானம் போன் சத்தம் போட்டபோது ஓடினாள். மகனிடமிருந்து செய்தி: "அங்க குளிரு பயங்கரமாமே. எல்லாம் ஓகேவாம்மா?" யோசிக்கும் முன்பே விரல் தட்டிவிட்டது: "எல்லாம் ஓகேப்பா." அனுப்பிய பிறகு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டு மாற்றிச் சொல்லலாம். என்னவென்று சொல்வது?

வெள்ளிக்கிழமை பதினோரு டிகிரி. ஜன்னல் ஓரங்களில் உள்பக்கமே பனி பூத்திருந்தது. கல்லைத் தொட்டாள். அது கல்லாகத்தான் இருந்தது. அக்கரையில் என்சியோவின் புகை ஜம்மென்று எழுந்தது. அதைப் பார்த்ததும் துக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. உள்ளங்காலிலிருந்து ஏறிய அந்தக் கோபம் மூன்று நாளில் அவளுக்குக் கிடைத்த ஒரே சூடு. பூட்ஸை மாட்டினாள். கம்பளித் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டாள். உறைந்த ஏரிமேல், பனிவண்டி போன தடத்தைப் பிடித்து நடந்தாள். என்னென்ன கேட்க வேண்டும் என்பதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தாள்.

பாதி ஏரியில் எதிரே ஓர் ஆள் வருவது தெரிந்தது. பின்னால், பனியில் சுமை ஏற்றுகிற ஒரு சறுக்குப் பலகையைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு வந்தான். என்சியோதான். பத்தடி தள்ளி நின்றான். மீசையெல்லாம் வெள்ளைப் பனி.

"உயிரோடதான் இருக்க" என்றான்.

"இருக்கேன்."

"நல்லது."

அவ்வளவுதான். திரும்பப் போகிறவன் மாதிரி கயிற்றை மாற்றிப் பிடித்தான். பலகையில் ஒரு கடப்பாரை, ஒரு கம்பளி, ஒரு பிளாஸ்க்.

"கடப்பாரை எதுக்கு?"

"கதவ உடைக்க."

"பலகை?"

என்சியோ கம்பளியின் நுனியைச் சரிசெய்தான். ஆளைப் போர்த்தி இழுத்துப்போகத்தான் என்று அவளுக்குப் புரிந்தது. சிரிப்புதான் முதலில் வந்தது.

"மூணு நாளாச்சு, என்சியோ! மூணு நாள்!"

"ரெண்டரை. செவ்வாய் சாயங்காலம் புகை இருந்துச்சு. அந்த அடுப்பு ரெண்டு டன்னுக்கு மேல. புதன் சூடா இருக்கும். வியாழன் வெதுவெதுன்னு இருக்கும். வெள்ளி மத்தியானத்துக்கு மேலதான் ஆளு விறைக்கும். எல்லாம் பார்த்துத்தான் கிளம்பினேன்."

"நான் காலை ஒடிச்சுக்கிட்டுக் கிடந்திருந்தா?"

"கிடந்தியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"ஒரு போன் பண்ணக்கூடாதா மனுஷன்?"

"என் வீட்டுப் புகைபோக்கிய மட்டும் பாக்கச் சொன்னது யாரு?"

என்சியோ அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தான்.

"அடுப்பு கிடுப்பு விரிசல் விட்டுருச்சா?"

பொய் சொல்லலாம்தான். புகைவழி அடைத்துக்கொண்டது என்றால் நம்பிவிடுவான். ஆனால் நடு ஏரியில், அந்த வெயிலில், பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

"அடுப்பு நல்லாத்தான் இருக்கு. வேணும்னேதான் மூட்டல. யாராவது பாக்குறாங்களான்னு பாத்தேன்."

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் குனிந்து பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் காபி ஊற்றி அவளிடம் நீட்டினான். அவள் பாதி குடித்துக் கொடுத்தாள். மீதியை அவன் குடித்தான்.

"தினம் பாக்குறேன்" என்றான். "ஒண்ணுக்குப் போறதுக்கு முன்னாடியே பாக்குறேன். இந்த வயசுல அது பெரிய விஷயம்."

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. அக்கரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"மார்ச்சுல நான் போறேன், ஹெல்லெவி. யூகா டவுன்ல, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு ஃபிளாட். அக்கா மக பாத்து வச்சிருக்கா. முட்டி போச்சு, விறகு பிளக்க முடியல. கிறிஸ்துமஸ்ல இருந்து உன்கிட்ட சொல்லணும்னு நெனைக்கிறேன். பேச்சே இல்லையே நமக்கு."

"ஃபிளாட்டு நல்லாருக்கும்" என்றாள் ஹெல்லெவி. வேறு என்ன சொல்வது?

"லிஃப்ட் இருக்கு."

"அப்ப சரி."

"போய் முதல்ல சின்னதா மூட்டு. நாலு சிராய் மட்டும் போடு. கல்லு ஜில்லுன்னு கெடக்கும்போது கூடை விறகையும் திணிச்சேன்னா வெடிச்சிரும்."

"எனக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியும். சும்மா சொன்னேன்."

அவன் பலகையை இழுத்துக்கொண்டு அவன் கரைக்குப் போனான். அவள் தன் கரைக்குத் திரும்பினாள். நாலு சிராய் வைத்து மூட்டி, அணைந்ததும் ஒரு மணி நேரம் பொறுத்து, மறுபடி கொஞ்சம் வைத்தாள். கோட்டைக் கழற்றாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அன்று முழுக்கக் கல் அசைந்து கொடுக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம்தான் வீட்டில் கோட்டைக் கழற்ற முடிந்தது.

மார்ச்சில் என்சியோ சொன்னபடியே போய்விட்டான். அதுவரைக்கும் நாலு சனிக்கிழமை காபிக்கு வந்தான். அடுப்பின்மேல் முதுகை வைத்து உட்கார்ந்து, விறகை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து, "இது பரவாயில்ல" என்பான். பெரிதாக வேறொன்றும் பேசிக்கொள்ளவில்லை. கடைசிச் சனிக்கிழமை போகும்போது கைகொடுத்தான். முப்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அடுத்த குளிர்காலம், நவம்பர் கடைசியில், ஹெல்லெவி ரை என்கிற தானிய மாவில் அரிசிக்கஞ்சி வைத்து மடித்த அப்பம் ஒரு டஜன் சுட்டாள். துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்குப் போனாள். என்சியோ மூன்றாம் மாடியில், இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான். இளைத்திருந்தான். ஃபிளாட் சுத்தமாக, ஒரே சீரான சூட்டோடு இருந்தது. ஜன்னலுக்குக் கீழே வெள்ளைத் தகட்டு ஹீட்டர். பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் கை அடிக்கடி முதுகுக்குப் பின்னால் போய், சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

"குழாயில சூடு வருது" என்றான். "எங்கேருந்து வருது, யாரு மூட்டுறாங்க, ஒண்ணும் தெரியாது. காலையில ஆறு மணிக்கே முழிப்பு வந்துருது. எந்திரிச்சு என்ன பண்ண?"

"தூங்கு."

"தூங்குறேன்."

கீழே கட்டடத்துக்குப் பொதுவான நீராவிக் குளியல் அறையையும் காட்டினான். கதவில் பேர் எழுதின அட்டவணை. "வியாழன் அஞ்சு மணி என் முறை. ஆறானதும் அடுத்தவன் கதவைத் தட்டுறான். அவன் தட்டுறதாலதான் நான் உள்ள இருக்கேன்னு ஒருத்தனுக்காவது தெரியுது."

அப்பத்தில் நாலைத் தின்றான். மீதியை எண்ணாமல் மூடி வைத்தான். மூன்றரை மணி பஸ்ஸுக்கு நிறுத்தம் வரைக்கும் முட்டியைப் பிடித்துக்கொண்டு கூட வந்தான். அப்போதே இருட்டிவிட்டது. இரண்டு பேரும் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னொரு தடவை வா" என்றான்.

"வர்றேன். நீயும் வாயேன்."

"முட்டி விட்டா."

பஸ் வந்தது. சர்ச்சைத் தாண்டியதும் அவளைத் தவிர உள்ளே இருந்த இரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள். ஓட்டுநர் புது ஆள். கண்ணாடியில் அவளைப் பார்த்து, "எதுவரைக்கும் போறீங்க?" என்று கேட்டான்.

"ஏரிக்கரை. கடைசி ஸ்டாப்."

"அங்க குளிர்காலத்துல ஆள் இருக்காங்களா என்ன?"

"ஒருத்தி இருக்கேன்" என்றாள் ஹெல்லெவி.