பெயிண்டர் வீட்டுக் கதவு

அரியலூர் ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம் இருக்கும் தெருவில், ஒரு வீட்டில் என்ன குழம்பு என்பது அது கொதி வருவதற்குள் நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்ட தெருவுக்கு, அமிர்தவல்லி வீட்டு முன்போர்ஷனில் குடியிருக்கும் யோகலிங்கம் ஏன் வாசல் கதவைச் சாத்துவதே இல்லை என்பது மட்டும் பிடிபடவில்லை. தெருவுக்கே தலைகுனிவு.

யோகலிங்கம் பெயிண்டர். இலங்கைக்காரர். பெரம்பலூர் முகாமில் இருந்துவிட்டு, அனுமதி வாங்கி இங்கே வேலைக்கு வந்தவர். வம்புக்குப் போக மாட்டார். கேட்காமலே அமிர்தவல்லியின் கேட்டுக்கு நீலப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தவர். எல்லாம் சரிதான். ஆனால் கதவு மட்டும் ராவும் பகலும் பப்பரப்பா என்று திறந்தே கிடக்கும். சிமெண்ட் லாரி கிளப்பும் புழுதி உள்ளே போய்ப் படியும். தெருநாய் போய்ப் படுக்கும்.

"நாய் போற வழியில திருடன் போவ மாட்டானா?" என்பாள் அமிர்தவல்லி. "நடுவுல ஒரே ஒரு தட்டி. அதத் தாண்டுனா என் பீரோ."

பதில் தெரிந்த ஒரே ஆள் ஷாலினி மேரி. சித்திரவதையில் உயிர் தப்பி வந்த அகதிகளுக்குத் துணை நிற்கும் சின்ன அமைப்பு ஒன்றில், பெரம்பலூரில் வேலை பார்க்கிறாள். புதன்கிழமை தோறும் பஸ் பிடித்து வந்து அவரோடு உட்கார்ந்து பேசுவாள்; டாக்டரிடம் கூட்டிப் போவாள்; ஆபீஸ் ஆபீஸாக அவருக்காக மல்லுக்கட்டுவாள். தெரு முதலில் அவளைக் கல்யாணத் தரகர் என்றது. பிறகு குழுக்கடன் வசூலிக்க வந்தவள் என்றது. கையில் பையும் முகத்தில் கடுப்புமாக வந்தால் வேறென்ன நினைப்பார்கள்?

அந்தக் கடுப்புக்குக் காரணம் இருந்தது. இலங்கையில் ஜன்னலில்லாத அறையில் பூட்டி, பெட்ரோல் நனைத்த பையை அவர் தலையில் கட்டி இறுக்கினார்களே, அது அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். இந்தக் கதவாலேயே அவர் இரண்டு வீடுகளிலிருந்து துரத்தப்பட்டவர். இப்போது அமிர்தவல்லியும், "வர்ற மாசம் காலி பண்ணச் சொல்லிடும்மா" என்றுவிட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லிடட்டுமாண்ணா? வூடு தங்கும்" என்று அவரிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"வேண்டாம் பிள்ளை. பைத்தியம் எண்டு நினைக்கட்டும், பரவாயில்லை. பாவம் எண்டு பாக்க வேண்டாம்."

சரி என்று, "மருத்துவக் காரணம்" என்று பட்டும் படாமலும் சொல்லி வைத்தாள். மறுநாளே எதிர்வீட்டுக் கலியம்மாள் அவருக்கு டி.பி. என்று முடிவு கட்டி, தெருக்குழாயில் அவர் பிடித்த இடத்தைப் புளி போட்டுத் தேய்த்தாள். அடுத்த புதன் அமிர்தவல்லி நேராகவே மடக்கினாள்.

"என்ன சீக்கு? சொல்லு, இல்ல இப்பவே சாமானக் கட்டச் சொல்லு."

"வீசிங்க்கா, வீசிங்" என்றாள் ஷாலினி எரிச்சலில். "கதவச் சாத்துனா மூச்சு முட்டும்."

"அட, இம்புட்டுத்தானா? எங்க சித்தப்பாவுக்கே இருந்திச்சே. இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

மாதக்கணக்காகக் கெஞ்சியும் நடக்காதது ஒரு பொய்யில் நடந்துவிட்டது. தெரு கரைந்து உருகியது. தூதுவளை ரசம் வந்தது, திப்பிலிக் கஷாயம் வந்தது. யோகலிங்கமும் மறுக்காமல் குடித்தார். மகராசன், கசப்பு என்றுகூட முகம் சுளிக்கவில்லை.

அதற்கடுத்த புதன் ஷாலினி தெருமுனையில் திரும்பும்போதே ஏதோ விழுந்து உருளும் சத்தம் கேட்டது. ஓடினாள்.

அமிர்தவல்லி நொச்சித் தழை போட்டு ஒரு குண்டான் வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். ஆவி பிடிக்க. மரியாதைக்குக் குனிந்த மனிதரின் தலையில் கலியம்மாள் பின்னாலிருந்து கம்பளியைப் போட்டு மூடி, ஆவி வெளியே போகாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறாள்.

குண்டான் ஒரு மூலையில் கிடந்தது. அமிர்தவல்லியின் பாதம் வெந்து சிவந்திருந்தது. யோகலிங்கம் தெருவில், நீலக் கேட்டைப் பிடித்தபடி காற்றை அள்ளி அள்ளி விழுங்கிக்கொண்டிருந்தார்.

"நல்லது செய்யப் போனா ஒதைக்கிறாரு" என்று கலியம்மாள் கூட்டம் கூட்டினாள். "வீசிங்னு சொன்னியேடி, வீசிங்காரன் ஆவி புடிக்க இப்படியா பயப்படுவான்?"

எல்லா முகமும் ஷாலினி பக்கம் திரும்பியது. பொய் சொன்னவள் அவள். கம்பளியை வரவழைத்ததும் அந்தப் பொய்தான். வாயைத் திறந்தாள். யோகலிங்கம் வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் மூடிக்கொண்டாள்.

அவர் அமிர்தவல்லியின் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரே சொன்னார்:

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. என்ரை தலையை மூடாதேங்கோ. அங்கை பூட்டி வச்சு, பையாலை மூடினவங்கள்."

தெரு முதன்முறையாக வாயடைத்து நின்றது. அது எவ்வளவு நேரம் தாங்கும்? விளக்கு வைப்பதற்குள் பை சாக்காகி, அறை கிணறாகி, ரயில்வே கேட்டைத் தாண்டிப் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டது. காலி பண்ணும் பேச்சை அமிர்தவல்லி அதன்பின் எடுக்கவே இல்லை. பார்க்க வந்தவர்களுக்கு அவளே நின்று வழிகாட்டினாள். பழம் வாங்கி வந்தார்கள், உச்சுக் கொட்டினார்கள், தழும்பு ஏதும் தெரிகிறதா என்று கழுத்தை எட்டிப் பார்த்தார்கள்.

மறு புதன் ஷாலினி வந்தபோது முன்போர்ஷன் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாழ்ப்பாளும் போட்டிருந்தது.

"பாத்தியா?" என்றாள் அமிர்தவல்லி, காலில் கட்டோடு, பெருமையாக. "இப்பல்லாம் சாத்திக்கிறாரு. நாலு பேரு ஆதரவாப் பேசுனதுல மனுசன் நல்லா ஆயிட்டாரு. நீ இவ்ளோ நாளா வந்து என்னத்த கிழிச்ச?"

ஷாலினி கதவைத் தட்டினாள்.

"ஆர்?" மூச்சு வாங்கும் குரல்.

"ஷாலினிண்ணா."

உள்ளே தாழ்ப்பாள் லேசாக அசைந்து நின்றது.

"தனியாவோ வந்தனீங்கள்?"

ஷாலினி திரும்பிப் பார்த்தாள். அமிர்தவல்லி நின்றாள். அவளுக்குப் பின்னால் கலியம்மாள், கையில் ஒரு தூக்குவாளியோடு. கலியம்மாளுக்குப் பின்னால் யாரோ புதிதாக இருவர்.

"இல்லண்ணா" என்றாள் ஷாலினி.

கதவு திறக்கவில்லை.